ஓட்டையில்லாத இலை

மாப்பிள்ளை சேகர் அனுப்பிய தந்தியில் நான்கே சொற்கள் இருந்தன: "முகம் மோசம். உடனே வரவும்." யாருடைய முகம் என்று இல்லை.

"ஒருவேளை அவர் முகமோ என்னவோ" என்றார் என் கணவர்.

"அது கல்யாணத்தன்னிக்கே அப்படித்தானே இருந்தது? அதுக்கு இப்ப எதுக்குத் தந்தி?" என்றேன். சொல்லிவிட்டு உட்கார்ந்து அழுதேன். எனக்குக் கிண்டலும் அழுகையும் ஒரே குழாயில்தான் வரும்.

ஒரே பெண் வசந்தியை இரண்டு வருடங்களுக்கு முன்னால் மலேசியாவுக்குக் கட்டிக் கொடுத்திருந்தோம். வடக்குச் சிலாங்கூரில் ஒரு தோட்டத்து ஆபீஸில் சேகர் கிராணி, அதாவது குமாஸ்தா. தோட்டத்தின் பெயரை எழுதினால் வேலைக்கு ஆபத்து என்று மாப்பிள்ளை கும்பிட்டுக் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. என் கணவருக்கு ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை. விமானத்தின் படத்தைக் காலண்டரில் பார்த்தாலே அவருக்கு வியர்க்கும் என்பது ஆபீஸுக்குத் தெரியாது. ஆகவே தஞ்சாவூர் தாண்டித் தனியாகப் போயறியாத நான், இருபது வருடமாக ஒன்பதாம் வகுப்புக்கு இயற்கை விஞ்ஞானம் நடத்தும் நான், ஒரு ஜாடி மாவடு, ஒரு பொட்டலம் முந்திரிப்பருப்பு, ஒரு தீர்மானம் மூன்றையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தீர்மானம் இதுதான்: பெண்ணைக் கையோடு ஊருக்கு அழைத்து வந்துவிடுவது.

விமான நிலையத்தில் மாப்பிள்ளை இல்லை. "டீச்சர்" என்று எழுதிய அட்டையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றார். தோட்டத்து லோரி ஓட்டும் மணியம். நேரே லோரியிலேயே வந்திருந்தார். பின்னால் செம்பனைக் குலைகள் இறக்கிய மிச்சம் கிடந்தது. என் பெட்டியை ஏற்றப் போய் முள் குத்தி, விரலை வாயில் வைத்துக்கொண்டுதான் மலேசிய மண்ணில் முதல் பயணத்தைத் தொடங்கினேன்.

"செம்பனை மட்டைக்கே முள்ளு இருக்கும் டீச்சர். யாரும் தின்னுடக் கூடாதுன்னு அதுக்கு அவ்ளோ பயம்" என்றார் மணியம்.

"அப்படியும் தின்கிறீர்களே?"

"தின்னல லா. எண்ணெயா ஆக்கி விக்கிறோம்."

ஜெராமுக்கு அருகில் லோரி பெருமூச்சு விட்டு நின்றது. முன்பக்கத்திலிருந்து ஆவி வந்தது. இன்ஜின் ஆறும்வரை கடலோரக் கடையில் உட்கார்ந்தோம். நம் ஊரில் டீயை ஆற்றுவார்கள். இங்கே ஒரு முழம் உயரத்திலிருந்து இழுக்கிறார்கள். அதற்குப் பெயரே இழுத்த டீ, தே தாரே. வாழையிலையில் மடித்த தேங்காய்ப்பால் சோறு வந்தது. ஓரத்தில் இருந்த மிளகாய்ச் சம்பால் ஒரு விரல் நுனிதான். மூளை வரைக்கும் போய்விட்டு வந்தது. பாடம் நடத்தும் வியாதி எனக்கு எங்கேயும் விடாது. மிளகாயின் காரமும் தேயிலையின் கசப்பும் செடி தன்னைத் தின்ன வருகிறவர்களுக்காக வைத்திருக்கும் விஷம் என்றும், மனிதன் ஒருவன்தான் அதைக் காசு கொடுத்து வாங்கி இன்னொரு கரண்டி கேட்கிறான் என்றும் மணியத்துக்கு விளக்கினேன்.

அவர் மரியாதையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "உங்க மவளுக்கும் யாரோ எதையோ வெச்சுட்டாங்கன்னுதான் தோட்டத்துல பேச்சு. கண்ணே தொறக்கல டீச்சர். ஒங்களுக்குத் தெரியும்ல?"

தெரியாது. கையிலிருந்த சோற்றை அப்படியே மடித்து வைத்தேன். அதன்பின் குவாலா சிலாங்கூர் எப்போது வந்தது, ஆற்றுப் பாலத்தை எப்போது கடந்தோம் என்று எனக்கு நினைவில்லை. கண் திறக்கவில்லை என்ற ஒரு வாக்கியத்தில்தான் மீதிப் பயணம் செய்தேன்.

வசந்தி கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் பாலில் ஊறப்போட்ட பன்னைப் போல இருந்தது. கன்னத்திலும் கழுத்திலும் கொப்புளங்கள் உடைந்து நீர் கட்டியிருந்தன. கண்கள் இரண்டு கோடுகள். என் பெண்ணுக்குக் கண்கள்தான் அழகு என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொல்வார்கள். மீதியைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள்.

"அம்மாவா? மாவடு வாசனை வருதே" என்றாள்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து, நைந்த பழைய பருத்திச் சேலைத் துண்டை வெந்நீரில் நனைத்து முகத்தை ஒற்றிக்கொண்டிருந்தவர் சேகரின் தாயார் முனியம்மா. முப்பது வருடமாகப் பால்மரம் வெட்டுகிறவர். இங்கே ரப்பருக்குப் பால்மரம் என்று பெயர். "வாங்க சம்பந்தி. புள்ளைய நல்லாத்தான் பாத்துக்கறோம். என்னான்னே தெரியல" என்றார். ஒற்றுவதை நிறுத்தவில்லை.

தோட்டத்து மருத்துவர் வந்தார். முழு டாக்டர் இல்லை, டிரெஸர் என்பார்கள். யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளை அரைக்கால்சட்டை, முழங்கால் வரை காலுறை. "ஆசுபத்திரியிலை நாலு நாள் வைச்சிருந்து வடிய வைச்சு அனுப்பினவை. வீட்டை வந்து ரெண்டு நாளிலை திரும்ப வீங்கிட்டுது. இறால் சாப்பிட்டவவோ எண்டு கேட்டன், இல்லை. மருந்து அடிக்கிற பக்கம் போனவவோ எண்டு கேட்டன், இல்லை. இன்னும் இப்பிடியே போனால் கண்ணுக்குள்ளை கிருமி தொத்தும் அம்மா. அதுதான் என்ரை பயம்."

என் பயமும் அதுதான். மாவடு ஜாடியைத் திறக்கவில்லை.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் சம்பந்தி என்னைப் பால்வெட்டுக்கு அழைத்துப் போனார். அழைத்துப் போனார் என்பது மரியாதைச் சொல். நான் வீட்டில் இருந்தால் எல்லார் உயிரையும் எடுக்கிறேன் என்று சேகர் சொல்லியிருக்க வேண்டும்.

பால்மரங்கள் இலை கொட்டி நின்றன. வெயில் காலம் வரப்போகிறது, தண்ணீர் போதாது என்று மரத்துக்குத் தெரிந்துவிடும். செலவாளிகளான இலைகளை வீட்டை விட்டு அனுப்பிவிடும். ஓய்வூதியத்துக்கு முந்தின வருடத்தில் எங்கள் தலைமை ஆசிரியர் செய்த சிக்கனம் நினைவுக்கு வந்தது. சம்பந்தி உளியால் பட்டையில் ஒரு கோடு இழுத்தார். வெள்ளையாகப் பால் வழிந்து, மரத்தில் கட்டியிருந்த மங்குக் கிண்ணத்தில் சொட்டியது.

"ஏன் சம்பந்தி, இந்தப் பால் மரத்துக்கு எதுக்கு? கன்னுக்குட்டியா வெச்சிருக்கு?" என்று கேட்டேன். தெரிந்த கேள்வியை மாணவியிடம் கேட்கும் பழக்கம்.

"வண்டு கடிச்சா வாய ஒட்டிப்புடும்ல? நானே பாத்திருக்கேன். வாய தொறக்க முடியாம செத்துக் கெடக்கும்." உளியைத் துடைத்தார். "வண்டுக்கு வெச்ச பசைய நாம திருடி டயர் செய்யறோம்."

என் பாடப்புத்தகத்தில் இது ஒரு பக்கத்துக்கு வரும். கப்பல் கப்பலாக நம் ஜனங்கள் கடல் தாண்டி வந்தது ஒரு மரம் வண்டின் வாயை அடைக்க வைத்திருந்த பசைக்காகத்தான் என்று எந்தப் பக்கத்திலும் இருக்காது.

திரும்பும் வழியில் மாரியம்மன் கோயில். ஓரத்தில் ஒரு மாமரம். அருகில் போனேன். "கிட்ட போவாதீங்க!" என்று கத்தினார் சம்பந்தி. அதற்குள் கழுத்தில் நான்கு இடத்தில் நெருப்பு. நம் ஊர் முசுறு எறும்புதான்; இங்கே கெரெங்கா. இலைகளைச் சேர்த்துத் தைத்துப் பந்துபந்தாக வீடு கட்டியிருந்தன. மரம் வீட்டுக்கு இடம் தருகிறது, எறும்பு காவல் காக்கிறது. ஆனாலும் காவலைத் தாண்டி வந்து எதுவோ தின்றிருந்தது; ஓட்டையில்லாத இலை ஒன்றுகூட இல்லை.

"தோட்டத்துல இருக்கறது இந்த ஒரு மாமரந்தான். கெரெங்காவுக்குப் பயந்துக்கிட்டு எவனும் கை வெக்க மாட்டான்" என்றார் சம்பந்தி.

கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. சேகரின் வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம் தொங்குவதை நேற்றே பார்த்திருந்தேன். மூன்று வாரத்துக்கு முன்னால் அவர்களுக்குப் புது வீடு கொடுத்து, பால் காய்ச்சிக் குடியேறியபோது கட்டியது. வாடியும் யாரும் எடுக்கவில்லை; தோரணம் தானாக உதிர வேண்டும் என்பது நம் வழக்கம்.

"அப்ப வாசல்ல கட்டியிருக்கிற இலை?"

"ஒங்க மக கொண்டாந்தா. மலாய்க்காரங்க ஊரு, கம்பத்துப் பக்கம் பறிச்சேன்னா. என்னா அழகு எலை தெரியுமா! ஒரு பூச்சி தொட்டதில்ல."

நடையை எட்டிப் போட்டேன். காரணத்தை அப்போது சம்பந்தியிடம் சொல்லவில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன். பால் காய்ச்சுவதற்கு முன்னால் நான் வசந்திக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தேன்: மாவிலை கட்டாமல் குடியேறாதே, பொத்தல் இல்லாத இலையாகப் பார்த்துப் பறி. இத்தனை பூச்சி புழு உள்ள ஈரதேசத்தில், ஒரு பூச்சிகூட வாய் வைக்காத இலை என்றால் பூச்சிகளுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று அர்த்தம். ஒன்பதாம் வகுப்புக்கு வருடந்தோறும் நடத்துகிறேன். கேள்வித்தாளிலும் கேட்கிறேன். ஐந்து மதிப்பெண்.

வீட்டுக்கு ஏறக்குறைய ஓடினேன். தோரணத்தின் கீழே நின்று, தொடாமல், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தேன். வடிவம் அசல் மாவிலை. ஆனால் ஒவ்வொரு காம்பு முறிந்த இடத்திலும் மை கொட்டியது போல் கறுப்பு. நூலிலும், நிலையின் வெள்ளை வர்ணத்திலும் கறுப்பு. அந்தக் கறுப்பை நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். ஊரில் சலவைக்குப் போடும் துணியில் சேராங்கொட்டையால் வைக்கும் குறி இதே கறுப்புத்தான்.

"வசந்தி, எந்த மரத்துலடி பறிச்சே?"

"ஆத்தோரம், அம்மா. கம்பத்து வேலி தாண்டி."

என் பின்னால் நின்ற சம்பந்தி, "ஆத்தோரத்துல ஏது மாமரம்?" என்றார். பிறகு குரல் மாறிக் கேட்டார்: "அடிமரத்துல கறுப்பா வடிஞ்சிருந்துச்சா தாயி?"

"ஆமா அத்தை. தார் மாதிரி."

சம்பந்தி தலையில் அடித்துக்கொண்டார். "ரெங்காஸ்! ஐயோ, அது ரெங்காஸ் லா! தொங்கவிட்ட எலைய பாத்து எனக்குத் தெரியலியே. மரத்தப் பாத்திருந்தா நூறு அடியிலயே சொல்லியிருப்பேனே!"

டிரெஸரை அழைத்து வந்தார்கள். "ரெங்காஸோ! அந்த மரத்துக்குக் கீழை மழைக்கும் ஒதுங்க மாட்டினம் அம்மா" என்றவர், நெற்றியைச் சுருக்கினார். "ஆனால் பறிச்சுக் கனநாள். வாசல் பக்கமும் இவ வரேல்லை. பிறகு ஏன் திரும்ப வீங்கினது?"

"இலையை எதுல கட்டிக்கொண்டு வந்தே?" என்று கேட்டேன்.

"மடியில, அம்மா. நீ குடுத்த பழைய ஊதாச் சேலை."

எல்லாரும் ஒரே நேரத்தில், மறுபடி ஒற்ற உட்கார்ந்திருந்த சம்பந்தியின் கையைப் பார்த்தோம். ஈரமாக, சூடாக, அன்பாக, அந்த ஊதாச் சேலையின் துண்டு இருந்தது. கிழித்து மூன்று துண்டாக்கி, மெதுவாக இருக்கிறதே என்று, வேளைக்கு ஒரு முறை அந்த மரத்தின் பாலை மருமகள் முகத்தில் ஒற்றியிருக்கிறார்.

முனியம்மா துணியைக் கீழே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

தோரணம் கட்டிய சேகருக்கு விரலில் வெறும் அரிப்புதான், என் பெண்ணுக்கு மட்டும் ஏன் இப்படி என்று டிரெஸரிடம் கேட்டேன். "பழைய பகை இருந்திருக்கும். மா, முந்திரி, சேராங்கொட்டை, இது எல்லாம் ஒரே குடும்பம். முதல் தரம் பட்டால் உடம்பு அடையாளம் பாத்து வைச்சுக்கொள்ளும். அடுத்த தரம் சொந்தக்காரன் ஆர் வந்தாலும் சண்டைக்கு நிக்கும். பால் பெரிசா ஒண்டும் செய்யிறேல்லை. கலவரப்படுறது உடம்புதான்."

பழைய பகைக்கும் பொறுப்பு நானே. சீருடை பளிச்சென்று இருக்க வேண்டும் என்று பத்து வருடம் அவள் துணியைச் சலவைக்குப் போட்டேன். காலரில் குறி உரசிக் கழுத்து அரிக்கிறது என்பாள்; பள்ளிக்குப் போகாமலிருக்கச் சாக்கு என்பேன். என் பெட்டியில் இருந்தவற்றையும் டிரெஸரிடம் ஒப்புவித்தேன். மாவடு, முந்திரி. "குடும்பத்தையே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறியளே!" என்று ஜாடியைக் காலுறைக்குத் தூரமாக வைத்தார். எரித்தால் புகையும் ஆகாது என்றார். சேகர் மழைக்கோட்டு, பூட்ஸ், தலையில் பிளாஸ்டிக் பை எல்லாம் போட்டுக்கொண்டு தோரணத்தையும் சேலையையும் புதைத்தார். சந்திரனுக்குப் போகிறவர் மாதிரி இருந்தார்.

அன்றும் மறுநாளும் நான் ஓர் அற்பமான காரியம் செய்தேன். சும்மா இருந்தேன். சேலைத் துண்டைப் பற்றித்தான் தோட்டம் முழுக்கப் பேச்சு. கடிதத்தைப் பற்றி யாருக்கும் தெரியாது. சம்பந்தியின் குற்றத்தில் நான் குளிர்காய்ந்தேன். அவர் அடுப்பங்கரையை விட்டு வெளியே வரவில்லை. மருமகளைத் தொடவும் இல்லை.

மூன்றாம் நாள் சேகர் என்னைக் குவாலா சிலாங்கூர் சந்தைக்கு அழைத்துப் போனார். மலேசியாவே செய்த முதல் கார் அப்போதுதான் ரோட்டுக்கு வந்திருந்தது. சிநேகிதரிடம் அதை இரவல் வாங்கியிருந்தார். இருக்கையின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கக் கூடாது என்பது நிபந்தனை. வளைவுக்கு வளைவு நான் வழுக்கி மாப்பிள்ளையின் மேல் விழுந்தேன்.

"மின்மினிப் பூச்சி பாக்கணும்னா சாயங்காலம் இருக்கலாம் அத்தே. எல்லாரும் அதுக்குத்தான் வருவாங்க."

"பூச்சிகளைப் பற்றி எனக்கு இந்தத் தடவை போதும்" என்றேன்.

ஆற்று முகத்தில் சேற்றில் நின்ற மரங்களைப் பார்த்ததும்தான் மனம் லேசானது. முத்துப்பேட்டை அலையாத்தியின் அதே சாதி. உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பை இலை வழியாக வெளியே தள்ளும். ஒரு இலையை எட்டிப் பறித்து நக்கிப் பார்த்தேன். நல்ல உப்பு.

"அத்தே!" என்று சேகர் போட்ட சத்தத்தில் மீன்காரச் சீனர் தராசைக் கீழே போட்டார். "ஒரு மொகம் போதாதா? மாமாவுக்கு இன்னொரு தந்தி குடுக்கணுமா?"

"போன தந்தியிலயே யார் முகம்னு சொல்லல நீங்க."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "அம்மா ரெண்டு நாளா சாப்புடல அத்தே. இந்தியாவுலேருந்து நம்பி அனுப்புன புள்ளைய என் கையால பொசுக்கிட்டேன்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க."

வாயில் இருந்த உப்பு அப்புறம் வீடு வரை போகவில்லை.

வீட்டில் வசந்தியின் கண்கள் பாதி திறந்திருந்தன. சிவந்து, பீளையோடு, என்னைப் பார்த்தன. கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கதவோரம் சம்பந்தி, உள்ளே வராமல்.

"அத்தை, வாங்க. தப்பு ஒங்களது இல்ல. நான்தான் புத்தியில்லாம நானா போய்ப் பறிச்சேன்" என்றாள் வசந்தி. சொல்லும்போது கை தலையணைக்கு அடியில் போனது. நீல வான்கடிதத்தின் ஓரம் எனக்குத் தெரிந்தது. கண் தெரியாமல் கிடந்த நாளெல்லாம் அதை ஒளித்து வைத்துக் காவல் காத்திருக்கிறாள், என்னை.

"அவ பொய் சொல்றா சம்பந்தி. நான் எழுதித்தான் பறிச்சா" என்றேன்.

சம்பந்தி உள்ளே வந்தார். "எங்க கடுதாசி? எனக்குப் படிக்கத் தெரியாது. நீங்களே படிங்க."

படித்தேன். மாவிலை, பொத்தல், எல்லாம். அடுத்த வரிக்கு வந்ததும் தொண்டையைச் செருமி, "இப்படிக்கு அம்மா" என்று முடித்துவிட்டேன். வசந்தி திறந்த பாதிக் கண்ணால் என்னைப் பார்த்தாள். வகுப்பில் காப்பியடித்துப் பிடிபட்ட பிள்ளைகள் இப்படித்தான் நின்றிருப்பார்கள் போலும். மீதியைப் படித்தேன்:

"உன் மாமியாரைக் கேட்டுக்கொண்டு நிற்காதே. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். இதெல்லாம் அவருக்கு என்ன தெரியும்."

வெளியே லோரி ஒன்று போனது. கடிதத்தை நான்காக மடித்தேன்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா..." என்று தொடங்கிய சம்பந்தி முடிக்கவில்லை. என்னை அடித்திருந்தால்கூடத் தேவலை. அவர் தொண்டையில் ஏதோ சத்தம். அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பு. "டீச்சரு! ஒரு மரம் தெரியல, இருவது வருசம் டீச்சரு!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார். பிறகு கண்ணைத் துடைத்து, "சோறு போடு தாயி, பசிக்குது" என்று மருமகளிடம் சொல்லி, அவளால் முடியாது என்று ஞாபகம் வந்து, என்னைப் பார்த்தார். நான் போய்ப் போட்டேன்.

தண்டனை வெள்ளிக்கிழமை நிறைவேறியது. திரும்பப் பால் காய்ச்ச வேண்டும், மாவிலை கோயில் மரத்து இலைதான், பறிக்க வேண்டியது நான்தான். "ஓட்டை இல்லாத எலை ஒண்ணு வந்தாலும் திருப்பி ஏத்துவேன் சம்பந்தி" என்று மரத்தடியில் கையில் வேப்பங்குச்சியோடு நின்றார் முனியம்மா. ஏணியில் ஏறி, கெரெங்கா கடிக்கக் கடிக்க, இருபத்தோரு இலை பறித்தேன். இறங்கும்போது என் முகமும் தந்தி கொடுக்கும் நிலையில் இருந்தது. லயத்து வரிசை வீடுகளின் ஜனங்கள் பாதிப் பேர் வந்து பார்த்தார்கள். ஒருவரும் உதவவில்லை. நன்றாகச் சிரித்தார்கள்.

கந்தலான அந்தத் தோரணத்தை வசந்தியின் கைக்கு எட்டாத உயரத்தில் வாசலில் கட்டிவிட்டு, ஊருக்கு வருகிறாயா என்று வசந்தியிடம் கேட்டேன். கேட்க வேண்டுமே என்றுதான்.

"எதுக்கும்மா? இங்க மரம் தெரிஞ்சவங்க இருக்காங்க" என்றாள்.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. முகம் தெளிந்துவிட்டதாம். காதுக்குக் கீழே மட்டும் ஒரு குழித் தழும்பு நின்றுவிட்டதாம். அத்தை தினமும் தேங்காயெண்ணெய் தடவுகிறாராம். போகுமா அம்மா என்று கேட்டிருந்தாள்.

போகாவிட்டால் இருக்கட்டும் என்று பதில் எழுதினேன். ஒரு பொத்தல் இருக்கிற இலைதான் நம்பிக் கட்டக்கூடிய இலை. மற்றதை உன் மாமியாரைக் கேட்டுக்கொள்.